பரிந்துரைப் படிவத்துக்கு ஓர் உரை

ஓர் இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கக் கோரி அரசு யுனெஸ்கோவுக்கு அனுப்பும் ஆவணத்தில் ஒன்பது பகுதிகள் உண்டு. 1972-ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் செயல்படுத்தும் வழிகாட்டு நெறிகளின் ஐந்தாவது பின்னிணைப்பில் அதன் படிவம் இருக்கிறது. பார்வைக்குச் சாதாரண விண்ணப்பம்தான். ஆனால் தொல்லியலாளர், கட்டடக் கலைஞர், சூழலியலாளர், நில அளவையர், வழக்கறிஞர் என ஒரு குழுவே ஆண்டுக்கணக்கில் உழைத்துத்தான் அதை நிரப்ப முடிகிறது. அரசு இவர்களை ஆலோசகர்களாக அமர்த்துகிறது. நிரப்பியதை மதிப்பிடுவோர் வேறு ஆட்கள். பண்பாட்டு இடமென்றால் இக்கோமாஸ் என்ற அமைப்பு, இயற்கை இடமென்றால் ஐயூசிஎன் என்ற அமைப்பு. இவர்களின் பரிந்துரையைப் பார்த்து 21 நாடுகள் கொண்ட குழு முடிவெடுக்கிறது.

படிவத்தில் எல்லோருக்கும் பிடித்தது மூன்றாம் பகுதி. இடத்தின் பெருமையைச் சொல்லும் பகுதி அது. அமைச்சர் முதல் உள்ளூர்க்காரர் வரை அதைத்தான் ஆசையோடு புரட்டுவார்கள். இடத்தைக் காப்பாற்றுவதோ நான்காம் பகுதியும் ஐந்தாம் பகுதியும். ஆலோசகர் நல்லவரா என்பதை அந்த இரண்டையும் படித்தே சொல்லிவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். படிவத்தின் வாசகத்தை அப்படியே தராமல், ஒவ்வொரு பகுதியும் கேட்பதன் சாரத்தை என் சொல்லில் வைத்து, அதற்குக் கீழே உரை எழுதுகிறேன்.

முதற்பகுதி: இடம் எது?

*மூலத்தின் சாரம்: நாடு, மாநிலம், இடத்தின் பெயர், வினாடி வரை துல்லியமான அட்ச, தீர்க்க ரேகைகள், எல்லை காட்டும் வரைபடம், இடத்தின் பரப்பும் அதைச் சுற்றிய காப்பு மண்டலத்தின் பரப்பும் ஹெக்டேர் கணக்கில்.*

ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் பகுதி போலத் தெரியும். ஆனால் பிற்காலத்துச் சண்டைகள் பலவற்றுக்கு விதை இங்கேதான் விழுகிறது.

திருவரங்கத்தை எடுத்துக்கொள்வோம். அரங்கநாதசுவாமி கோயில் 2014 முதல் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. உத்தேசப் பட்டியல் என்பது வருங்காலத்தில் பரிந்துரைக்கப்போகும் இடங்களை நாடு முன்கூட்டியே அறிவிப்பது. 2017-இல் இக்கோயிலுக்குக் கிடைத்தது ஆசிய பசிபிக் பகுதியின் பாதுகாப்புப் பணிக்கான யுனெஸ்கோ விருது. அதையே உலகப் பாரம்பரியத் தகுதி என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. கோயில் பட்டியலில் இன்னும் ஏறவில்லை, பரிந்துரை ஆவணமே இனிமேல்தான்.

அப்படி ஓர் ஆவணம் எழுதும் நாளில் எல்லைக்கோட்டை எங்கே போடுவது? கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள். உள்ளே இருப்பவற்றை மட்டும் எடுத்தால் கோட்டுக்குள் வருவது கருங்கல்லும் சுதையும்தான். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி என்று வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். மதிலுக்குள்ளேயே ஒரு நகரம் வாழ்கிறது என்பதுதான் திருவரங்கத்தை மற்றப் பெரிய கோயில்களிலிருந்து பிரித்துக் காட்டுவது. அதை வெளியே தள்ளிவிட்டுத் தனிச்சிறப்பு பேச முடியாது. சரி, ஏழையும் சேர்த்தால் வீடுகளும் கடைகளும் விடுதிகளும் கோட்டுக்குள் வந்துவிடும். இன்னும் அகலமாகப் போட்டால் காவிரியும் கொள்ளிடமும் வரும். பெருமாள் புறப்பாடு ஆற்றுவரை போகும் கோயிலுக்கு அதுவும் நியாயமே.

கணினித் திரையில் ஒரு நொடியில் வரையும் கோடு, தரையில் எத்தனையோ பேரின் பட்டா வழியே போகிறது. எனவே ஆலோசகர் சர்வே எண் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டின் மேல் முழுதாக ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டும். நடக்கும்போது நகராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் ஒரு கேள்வி கேட்டே தீர வேண்டும்: இந்தக் கோட்டுக்குள் அடுத்த இருபது ஆண்டில் என்ன கட்டப்போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை உரிய நேரத்தில் தீர்க்காததற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் விலை கொடுத்தது. எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு 2004-இல் பட்டியலில் ஏறியது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் திட்டம் அதற்கு முன்பே நகரத்தின் கையில் இருந்தது. 2005-இல் நகர மக்கள் வாக்கெடுப்பில் பாலத்துக்கு ஆதரவு தந்தார்கள். 2006-இல் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியல், 2009-இல் நீக்கம். மக்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. போக்குவரத்து நெரிசல் அவர்களுடைய அன்றாடத் துன்பம். கோட்டைப் போட்ட நாளிலேயே பாலத்தைப் பற்றிய பேச்சை முடித்திருக்க வேண்டும்.

இரண்டாம் பகுதி: விவரணையும் வரலாறும்

*மூலத்தின் சாரம்: இடத்தில் இன்று இருப்பது என்ன, அது எப்படி உருவாகி எப்படியெல்லாம் மாறி வந்தது.*

இந்தப் பகுதியில் எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை, எழுதவும் நிறைய இருக்கிறது. எனவே ஒன்றே ஒன்று. மாற்றங்களை மறைக்காமல் எழுத வேண்டும். நீலகிரி மலை ரயிலுக்கு 1854-இல் யோசனை பிறந்தது. மலை இடம் கொடுக்காததால் வேலை 1891-இல்தான் தொடங்கி 1908-இல் முடிந்தது. மேட்டுப்பாளையம் பக்கம் 326 மீட்டரில் இருக்கும் தண்டவாளம் 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. இந்தத் தாமதமும் தடுமாற்றமும் அந்த ரயிலின் பெருமையில் பாதி. 2005-இல் டார்ஜிலிங் ரயிலோடு சேர்த்து அதைப் பட்டியலில் ஏற்றியபோது சொல்லப்பட்ட கதையும் அதுவே.

திருவரங்கத்தில் மறைக்கத் தோன்றும் மாற்றம் ஒன்று உண்டு. அது அடுத்த பகுதியில் வருகிறது.

மூன்றாம் பகுதி: ஏன் இந்த இடம்?

*மூலத்தின் சாரம்: பத்து அளவுகோல்களில் எவற்றின் கீழ் இந்த இடம் தகுதி பெறுகிறது, அதன் முழுமை குலையாமல் இருக்கிறதா, பண்பாட்டு இடமென்றால் அதன் மெய்த்தன்மை என்ன, இதே வகையான மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இது எங்கே நிற்கிறது, இவையெல்லாம் சேர்ந்து மனித குலம் முழுவதற்கும் இதன் மதிப்பு என்ன.*

அளவுகோல்கள் பத்தில் முதல் ஆறு பண்பாட்டுக்கு, மற்ற நான்கு இயற்கைக்கு. ஒன்று போதும். ஆனால் ஆசைப்பட்டு நான்கைந்தைக் கோருவது வழக்கம். கோரும் ஒவ்வோர் அளவுகோலுக்கும் தரையில் சான்று காட்ட வேண்டும் என்பதால், ஆலோசகரின் முதல் உழைப்பு இவற்றைக் குறைப்பதில்தான் போக வேண்டும்.

எந்த அளவுகோலைப் பிடிக்கிறோமோ அதுவே அந்த இடத்தின் கதை ஆகிவிடுகிறது. மற்றக் கதைகள் ஓரத்துக்குப் போய்விடும். செஞ்சியைப் பாருங்கள். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகள் ஒரே தொகுப்பாகப் பட்டியலில் ஏறின. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை, பன்னிரண்டாவது செஞ்சி. 1677-இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் அங்கே தங்கி, முகலாயப் படையின் முற்றுகையை 1698 வரை தாங்கினார். தொகுப்பின் கதைக்குள் செஞ்சி பொருந்துவதில் ஐயமில்லை.

ஆனால் செஞ்சியின் ராஜகிரிக் குன்று அடிவாரத்தில் நின்று மேலே பார்க்கும் தமிழருக்கு முதலில் நினைவு வருவது 1714-இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்குராஜன். கல்யாண மகாலும் நெற்களஞ்சியங்களும் நாயக்கர் காலத்தை நினைவூட்டுபவை. தேசிங்கும் நாயக்கரும் தொகுப்பின் நடுக்கதையில் இல்லை. இதில் தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை. பல இடங்களைச் சேர்த்துக் கோக்கும்போது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நூல்தான் உள்ளே ஓடும். கோட்டை வாசலில் வைக்கப்போகும் தகவல் பலகையில் அந்த நூலை மட்டும் எழுதிவிடாமல் இருப்பது நம் பொறுப்பு. தொகுப்புப் பரிந்துரை எழுதும் ஆலோசகர் விட்டுப்போகும் கதைகளையும் வரலாற்றுப் பகுதியில் விரிவாகவே பதிய வேண்டும். நாளைக்குப் பராமரிப்புப் பணம் எந்தச் சுவருக்குப் போகும் என்பதை முடிவு செய்யப்போகிறவர் அந்த ஆவணத்தைத்தான் திறந்து பார்ப்பார்.

அடுத்து மெய்த்தன்மை. ஐரோப்பியக் கற்கோயில்களை மனத்தில் வைத்து 1964-இல் வெனிஸில் எழுதப்பட்ட சாசனம் பழைய பொருளைத் தொடாமல் வைப்பதையே பெரிதும் போற்றியது. மரக்கோயில்களைப் பிரித்து, பழுது நீக்கி, மறுபடி கோக்கும் ஜப்பானியருக்கு அது ஒத்துவரவில்லை. 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய அறிஞர்கள், மெய்த்தன்மையை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று எழுதினார்கள். பொருள் மட்டும் அல்லாமல் பயன்பாடு, மரபு, கைத்திறன், இடத்தின் உணர்வு ஆகியவையும் சான்றாயின. தமிழகக் கோயிலுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கும்பாபிஷேகத்தை ஒட்டிச் சுதை புதுப்பித்து வண்ணம் தீட்டுவது கோயிலின் வாழ்க்கைமுறை.

இங்கே திருவரங்கத்து ராஜகோபுரம் வருகிறது. விஜயநகரக் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரம். சுமார் நானூறு ஆண்டு மொட்டையாக நின்ற அதன்மேல் 13 நிலைகள் எழுப்பி, 236 அடி உயரத்தில் 1987-இல் முடித்தார்கள். ஊரின் அடையாளமாக எல்லோரும் படம் எடுப்பது அதைத்தான். தஞ்சைப் பெரிய கோயில் பட்டியலில் ஏறியதும் அதே 1987-இல் என்பது தற்செயல். மதிப்பீட்டாளர் வந்து நின்றதும் முதலில் கேட்கப்போவது இந்தக் கோபுரத்தைத்தான். அதைப் பற்றி ஆவணத்தில் இரண்டே வரி எழுதிக் கடந்துவிட எண்ணும் ஆலோசகர் காரியத்தைக் கெடுப்பார். எந்தச் சிற்ப மரபில் கட்டினார்கள், ஸ்தபதிகள் யார், பழைய அடித்தளத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள், நானூறு ஆண்டுக்குப் பிறகும் இதை முடிக்க ஒரு சமூகம் ஏன் முன்வந்தது என்று விரித்து எழுதினால், வாழும் மரபு என்பதற்கு அந்தக் கோபுரமே முதற்சான்று ஆகும். நான் அந்தக் கட்சி.

ஆனால் அதே வாதத்தைக் கேடயமாகப் பிடித்து எல்லாத் திருப்பணியையும் நியாயப்படுத்த முடியாது. மணல் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்த கோயில்களில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. தரையைக் கிரானைட் பலகையால் மூடினார்கள், சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிமெண்ட் பூசினார்கள். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் யுனெஸ்கோ நிபுணர்களே வந்து தமிழகக் கோயில் திருப்பணிகளைப் பார்த்து அறிக்கை தர வேண்டிய நிலை வந்தது. சுண்ணாம்பை ஊறவைத்துக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கத் தெரிந்த கொத்தனார் இருப்பது மரபின் தொடர்ச்சி. சிமெண்ட் மூட்டை பிரிப்பதை மரபு என்று எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் ஒப்பமாட்டார், ஒப்பவும் கூடாது.

ஒப்பீடு பற்றியும் சொல்லியாக வேண்டும், பல ஆவணங்கள் திரும்பி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் ஊர்க் கோயில் உலகிலேயே தலைசிறந்தது என்று சொல்வது பக்தி. மதுரை, சிதம்பரம், திருவண்ணாமலை ஆகியவற்றில் இல்லாத எது இங்கே இருக்கிறது, ஏற்கெனவே பட்டியலில் உள்ள தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் சொல்லாத எதை இது சொல்கிறது, அங்கோர் போன்ற நகரக் கோயில்களோடு வைத்துப் பார்த்தால் எப்படி என்று வரிசையாகப் பதில் எழுதுவது ஒப்பீடு. இதைச் செய்யும்போது சில இடங்களுக்கு விடை பாதகமாகவே வரும். அப்போது, இந்த இடம் தேசிய அளவில் மிகப் பெரியது, உலகப் பட்டியலுக்கான வாதம் போதவில்லை என்று தன்னை அமர்த்திய அரசிடமே சொல்லும் துணிவு ஆலோசகருக்கு வேண்டும்.

இந்தத் துணிவுக்கு இப்போது அமைப்பு ரீதியான துணையும் கிடைத்திருக்கிறது. முன்மதிப்பீடு என்றொரு படியை 2021-இல் குழு ஏற்றது. முழு ஆவணம் எழுதும் முன்பே சுருக்கமான விண்ணப்பம் ஒன்றை அனுப்பினால், இக்கோமாஸோ ஐயூசிஎன்னோ தாள்களைப் பார்த்து, இதற்கு வாய்ப்பு உண்டா என்று கருத்துச் சொல்லும். 2023-இல் விருப்பப் படியாகத் தொடங்கிய இது 2028 முதல் கட்டாயம். கருத்து வந்தபின் முழு ஆவணத்துக்கு ஓராண்டாவது காத்திருக்க வேண்டும். அவசரப்படும் அரசுகளுக்கு இது இடைஞ்சலாகத் தோன்றலாம். கோடிக்கணக்கில் செலவிட்டு, ஊர் மக்களுக்கு ஆசை காட்டி, கடைசியில் வெறுங்கையோடு திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்காம் பகுதி: இன்றைய நிலையும் அழுத்தங்களும்

*மூலத்தின் சாரம்: இடம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கட்டுமானம், சுற்றுச்சூழல், இயற்கைச் சீற்றம், பார்வையாளர் வருகை ஆகியவற்றால் வரும் அழுத்தங்கள் என்ன, எல்லைக்குள்ளும் காப்பு மண்டலத்திலும் எத்தனை பேர் வாழ்கிறார்கள்.*

ஆலோசகருக்கும் அவரை அமர்த்தியவருக்கும் உரசல் பிறக்கும் இடம் இதுதான். விரிசலைப் பற்றி எழுதினால் தங்கள் துறையின் மேல் பழி வரும் என்று அதிகாரிகள் அஞ்சுகிறார்கள். பெரிய பிரச்சினை எதுவுமில்லை, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்ற மழுப்பல் வரிகள் இப்படித்தான் ஆவணத்துக்குள் புகுகின்றன. நேரில் வரும் மதிப்பீட்டாளர் அந்த விரிசலை அரை மணி நேரத்தில் பார்த்துவிடுவார். அதன்பின் ஆவணத்தின் மற்றப் பக்கங்களையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். அழுத்தத்தை நேர்மையாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் யார், எப்போது, என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதும் ஆவணம் குழுவின் முன் வலுவாக நிற்கும்.

ஹம்பி இதற்கெல்லாம் பாடமாக இருக்கிறது. 1986-இல் பட்டியலில் ஏறியது. துங்கபத்திரையின் மேல் ஆனைகுந்திக்குப் பாலம் எழும்பத் தொடங்கியதும், 1999-இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. அக்கரை ஊர்களுக்குப் பாலம் தேவை என்பதும் உண்மை, சிதிலங்களுக்கு நடுவே கனரக வாகனம் போகக் கூடாது என்பதும் உண்மை. பிறகு 2002-இல் தனி மேலாண்மை ஆணையத்துக்குச் சட்டம் வந்தது, திட்டம் வகுக்கப்பட்டது, 2006-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து மீண்டது. கட்டி முடியாமல் நின்ற அந்தப் பாலம் 2009 ஜனவரியில் இடிந்து விழுந்தது. தொடக்கத்திலேயே அழுத்தங்கள் என்ற தலைப்பின் கீழ் பாலத்தை எழுதி, மாற்று இடம் தேடியிருந்தால் பத்தாண்டு வீணாகியிருக்காது.

அதே ஹம்பியில் இன்னொன்றும் நடந்தது. விருபாட்சர் கோயில் முன் நீளும் கடைவீதியின் பழைய மண்டபங்களில் பல குடும்பங்கள் வீடும் கடையும் வைத்துப் பிழைத்து வந்தன. 2011-இல் அவற்றை இடித்து அகற்றினார்கள். நினைவுச் சின்னத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டோம் என்றது ஒரு தரப்பு. கடைவீதி என்று பெயர் பெற்ற இடத்தில் கடைகளே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்றது மற்றத் தரப்பு. நான் இரண்டாம் தரப்போடு நிற்கிறேன். எல்லைக்குள் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று படிவம் கேட்பது அவர்களை வெளியேற்றுவதற்கு அல்ல. அந்த எண்ணிக்கை அழுத்தங்களின் தலைப்பின் கீழ் கேட்கப்படுவதால், குடியிருப்போரே ஓர் அழுத்தம் என்று படிப்பவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. படிவத்திலேயே இந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பேன். அதுவரை, அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள், இடத்தைக் காப்பதில் இன்று அவர்களுக்கு என்ன பங்கு என்பதை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதுவது ஆலோசகரின் கடமை.

ஐந்தாம் பகுதி: யார் உடைமை, யார் காவல்?

*மூலத்தின் சாரம்: உடைமையாளர் யார், எந்தச் சட்டம் காக்கிறது, அதை நடைமுறைப்படுத்துவது யார், மேலாண்மைத் திட்டம் என்ன, பணம் எங்கிருந்து வரும், எத்தனை ஊழியர், அவர்களுக்கு என்ன பயிற்சி.*

தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டடத்தைக் காப்பது இந்தியத் தொல்லியல் துறை. பூசையும் விழாவும் அரண்மனை தேவஸ்தானத்தின் பொறுப்பு. வெளித்தெரு மாநகராட்சியுடையது. ஒரு விழாவுக்குப் பந்தல் கால் ஊன்றுவதற்குக்கூட இத்தனை பேரும் பேசி ஒப்ப வேண்டும். மேலாண்மைத் திட்டம் என்பதன் பொருளே அந்தப் பேச்சை முன்கூட்டிப் பேசி எழுதிவைப்பதுதான். அழகான அட்டையோடு அச்சிட்டு அலமாரியில் வைக்கும் திட்டங்களை நிறையவே காணலாம். பந்தல் கால் எங்கே ஊன்றலாம், எங்கே கூடாது என்று சொல்லாத திட்டத்தால் தஞ்சைக்கு ஒரு பயனும் இல்லை.

தொல்லியல் துறையின் காவலில் உள்ள சின்னமென்றால் சட்டம் தெளிவு. 2010 திருத்தத்தின்படி சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. மாமல்லபுரம் போல வீடுகளுக்கு நடுவே சின்னங்கள் சிதறிக் கிடக்கும் ஊரில், ஒழுகும் கூரையை மாற்றக்கூட அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது என்ற மக்களின் குறை நியாயமானது. தூரம் அளந்து போடும் சட்டத்துக்குப் பதிலாக, எந்தத் தெருவில் எவ்வளவு உயரம், எந்தப் பார்வைக் கோடு மறையக் கூடாது என்று இடத்துக்கேற்ப வகுத்த விதிகள் வேண்டும் என்று ஆலோசகர்கள் சொல்வது இதனால்தான்.

செட்டிநாட்டில் சிக்கல் வேறு வகை. வணிகர்களின் கிராமத் தொகுதிகள் என்ற பெயரில் செட்டிநாடும் 2014 முதல் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் இருக்குமளவுக்கு நீண்ட வீடுகள். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவர். வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஓர் அறை. அந்த மகன்களின் பேரர்கள் இன்று சென்னையிலும் கோலாலம்பூரிலும் வேறு எங்கெங்கோவும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்றால் எல்லோரும் கூடுவார்கள். கூரை ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் ஒப்ப வேண்டும், ஒருவர் மறுத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். சில ஆண்டுகளில் உத்தரம் இற்றுவிடும். பிறகு வீட்டைப் பிரித்து விற்பார்கள். அந்தத் தூணையும் கதவையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம்.

தொல்லியல் சட்டம் இங்கே உதவாது. மக்கள் குடியிருக்கும் தனியார் வீடுகளை அரசு காவலில் எடுக்க முடியாது, எடுத்தால் வீடு செத்துவிடும். மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-இல் சட்டம் இயற்றியும் ஆணையம் பல ஆண்டுகள் அமைக்கப்படாமலே கிடந்தது. செட்டிநாட்டுக்குப் பரிந்துரை எழுதுபவர் முதலில் தேட வேண்டியது பங்காளிகளுக்குள் பராமரிப்புப் பொறுப்பை ஒப்பந்தமாக எழுதும் வழி, பழுது பார்க்க எளிய கடன், சொத்துவரிச் சலுகை, பழைய பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்களுக்குத் தொடர்ந்து வேலை. இவை இல்லாமல் முகப்பின் அழகை நூறு பக்கம் எழுதினாலும் ஐந்தாம் பகுதியில் அந்த ஆவணம் விழுந்துவிடும்.

ஆறாம் பகுதி: கண்காணிப்பு

*மூலத்தின் சாரம்: இடத்தின் நலத்தை எந்த அளவுகளால் அறிவீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் அளப்பார்.*

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டி, மூலையில் தேதி எழுதிவைப்பார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். எந்த மாதத்தில் உடைந்தது என்பதிலிருந்து மழையா, நிலத்தடி நீரா, பக்கத்துக் கட்டுமானமா என்று தேடத் தொடங்கலாம். கல்வெட்டு என்றால் ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடலாம். செலவு சொற்பம். மேற்குத் தொடர்ச்சி மலையில் முக்குருத்தியும் ஆனைமலைப் புல்வெளிகளும் பட்டியலில் உள்ள பகுதிகள். அங்கே வரையாட்டின் எண்ணிக்கை ஓர் அளவு. தமிழ்நாடு வனத்துறை 2024-இல் எடுத்த கணக்கில் மாநிலம் முழுவதும் 1,031 வரையாடுகள் இருந்தன. இப்படி எண்ணுவது ஏன் முக்கியம் என்பதற்கு ஓமன் சான்று. அந்நாட்டு அரேபிய ஓரிக்ஸ் மான் சரணாலயத்தில் 1996-இல் 450 இருந்த மான்கள் 2007-இல் 65 ஆகச் சுருங்கின. எண்ணெய் தேடலுக்காகச் சரணாலயப் பரப்பையே 90 விழுக்காடு குறைத்த பின், 2007-இல் அது பட்டியலிலிருந்து நீங்கியது. நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

பட்டியலில் ஏறிய பின்பும் ஆறாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் அறிக்கை தர வேண்டும். ஆலோசகர் போய்விட்ட பிறகும் உள்ளூர் ஊழியரே அளக்கக்கூடிய அளவுகளை மட்டும் இங்கே எழுதுவது நல்லது.

ஏழும் எட்டும்: ஆதாரங்கள், முகவரிகள்

*மூலத்தின் சாரம்: படங்கள், சட்ட நகல்கள், நூற்பட்டியல்; பொறுப்பான அலுவலகங்களின் தொடர்பு விவரம்.*

படங்களில் பழுதுபட்ட பகுதிகளும் இருக்கட்டும். எட்டாம் பகுதியில் தலைநகர அலுவலகத்தோடு, இடத்திலேயே இருந்து பொறுப்பேற்கும் உள்ளூர் அலுவலகத்தையும் எழுத வேண்டும்.

ஒன்பதாம் பகுதி: கையொப்பம்

*மூலத்தின் சாரம்: உடன்படிக்கையில் உள்ள அரசின் சார்பில் அதிகாரம் பெற்றவர் கையொப்பம் இடுவார்.*

ஒரே ஒரு வரி. அரசு மட்டுமே கையொப்பம் இட முடியும். ஆனால் அந்த ஒப்புதல் காட்டுக்குள் வாழ்பவரையும், வீதியில் கடை வைத்திருப்பவரையும், பங்காளி வீட்டுச் சாவி வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்துகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பரிந்துரை இந்த வரியின் கனத்தைக் காட்டியது. கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில் 39 இடங்களைக் கோத்த பரிந்துரை அது. 2011-இல் ஐயூசிஎன் தள்ளிவைக்கச் சொன்னது. பழங்குடியினரிடம் உரியபடி கலந்து பேசவில்லை என்ற குரல் ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடிகள் மன்றத்திலும் எழுந்தது. கர்நாடக அரசே தயங்கியது, குடகில் எதிர்ப்புக் கிளம்பியது. 2012-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய குழு, ஐயூசிஎன் மறுபடியும் சேர்க்கப் பரிந்துரைக்காதபோதும், பட்டியலில் சேர்த்தது. ஒன்பதாவது, பத்தாவது அளவுகோல்களின் கீழ் ஏறிய அது முழுக்க இயற்கை இடம். எனவே தோடர்கள் மறுவுலகுக்குப் போகும் வழியாகப் போற்றும் முக்குருத்திச் சிகரம், ஆவணத்தின் அளவில் தாவரமும் விலங்கும் வாழும் உயரமான புல்வெளி. ஆனைமலையில் காடர்களும், அகத்தியமலையில் காணிக்காரர்களும் தலைமுறைகளாகக் காத்த அறிவு ஓர் அளவுகோலுக்கும் உரியதாக எண்ணப்படவில்லை. அந்தப் பரிந்துரையின் அறிவியல் சிறப்பானது, மலை பட்டியலில் ஏறியதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆயினும் இந்தக் குறை இன்றுவரை தீரவில்லை.

பழங்குடியினரின் நிலமென்றால் அவர்களின் முன்கூட்டிய, சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதலைப் பெற்றதற்கான சான்று வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் பிற்பாடு சேர்த்துக்கொண்டன. நடைமுறையில் இது ஒரு கிராமசபைக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டு நகலாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. கூட்டத்துக்கு முன்பே எல்லை வரைபடத்தை அவர்கள் மொழியில், அவர்கள் பெயரிட்ட ஓடைகளோடும் பாறைகளோடும் வரைந்து கொடுத்து, தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் கோயிலுக்குப் போவதும் பட்டியலில் ஏறிய பின் எப்படி மாறும், எது மாறாது என்று எழுத்தில் தர வேண்டும். அவர்கள் மறுத்துச் சொன்னவையும் ஆவணத்தோடு இணைந்து போக வேண்டும். பிப்ரவரி 1-ஆம் தேதிக்குள் ஆவணம் பாரிஸ் போய்ச் சேர வேண்டும் என்ற கெடு எல்லோர் தலையிலும் உட்கார்ந்திருக்கும். இந்தப் பேச்சு முடியவில்லையென்றால், கையொப்பத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும்படி அரசிடம் எழுதிக் கொடுக்க வேண்டியவரும் ஆலோசகர்தான்.